ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்து

சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "பாதி வெள்ளை, பாதி ரோஸ், நீளமா இருக்குமே", "டாக்டர் போன மாசம் பவர் கூட்டிக் குடுத்தார்", "அதே மாத்திரைதான், அஞ்சு வருஷமா." இப்படித்தான் பதில் வரும். மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். நிறத்தையும் நீளத்தையும் வைத்தே மாத்திரை கேட்டு வருபவர்களைப் பார்த்துப் பழகிப்போனவன். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள்கூட அட்டையின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் கம்பெனி வைத்த பெயரைத்தான் சொல்வார்கள். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைச் சொல்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம்.

இப்போது நானும் சர்க்கரைக்காரன், கூட்டு மாத்திரை சாப்பிடுகிறவன். அதனால் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு யாரும் தானாக எந்த மாத்திரையையும் நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம். உங்கள் டாக்டரிடம் கேட்பதற்குச் சரியான கேள்விகள் கிடைத்தால் போதும்.

"நான் ஒரே ஒரு மாத்திரைதான் சாப்பிடுறேன்" என்று பெருமையாகச் சொல்கிறவரின் வயிற்றுக்குள் பெரும்பாலும் இரண்டு மருந்து போகிறது, சில சமயம் மூன்று. ஒன்று கல்லீரலில் வேலை செய்யும், ஒன்று கணையத்தில், இன்னொன்று குடலில். ஒன்று நாம் உணவைத் தவறவிட்டாலும் பெரிதாகத் தொல்லை செய்யாது, இன்னொன்றை வெறும் வயிற்றில் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ஆளையே சாய்த்துவிடும். மூன்றையும் அழுத்தி ஒரே மாத்திரையாக்கிவிட்டதால் அவற்றின் குணமும் ஒன்றாகிவிடுவதில்லை. விஷயமே இவ்வளவுதான். ஆனால் தொந்தரவுகள் எல்லாம் இதை மறக்கும் இடத்தில்தான் வருகின்றன.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளித்தாள் பளபளப்பில் பொடி எழுத்தில் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்ப்பது சுலபம். அங்கே வரிசையாக மருந்தின் பெயரும் எதிரே மில்லிகிராமும் இருக்கும். மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 2, வோக்லிபோஸ் 0.2 என்பதுபோல. நம் ஊரில் நிறைய ஓடுகிற கூட்டு இது. முன்பக்கத்துப் பெயருக்குப் பின்னால் 1, 2 என்று ஒரு எண் ஒட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள், அது பெரும்பாலும் கிளிமிபிரைடின் அளவு. கூடவே ஃபோர்ட் என்று இருந்தால் மெட்ஃபார்மின் 500-க்குப் பதில் 1000 என்று பொருளாக இருக்கும். வி என்றிருந்தால் வோக்லிபோஸாக இருக்கலாம், வில்டாகிளிப்டினாகவும் இருக்கலாம். எம் என்றால் மெட்ஃபார்மின். இதற்கெல்லாம் சட்டம் போட்ட இலக்கணம் எதுவும் கிடையாது, கம்பெனிக்கு ஒரு பழக்கம். ஒரே பெயரில் ஆறேழு வகை ஒரே அலமாரியில் அடுக்கியிருக்கும். வாலில் ஒரு எழுத்து மாறினால் உள்ளே ஒரு மருந்தே மாறிவிடும். அதனால்தான் பழைய அட்டையை வெட்டி ஒரு துண்டு கொண்டு வருபவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, பெயர் இருக்கும் பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மற்ற பக்கத்திலிருந்து கிழித்துச் சாப்பிடுங்கள் என்று.

பவர் என்ற பேச்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 1000 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறோம், 2 என்ற எண்ணைப் பார்த்தால் ஏதோ சின்ன மாத்திரை என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் தனியாகச் சாப்பிட்டுவிட்டு ஒரு வேளை பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்து பாருங்கள். வேண்டாம், பார்க்காதீர்கள்.

கூட்டு மாத்திரையே கூடாது என்று சொல்ல வரவில்லை. இன்னும் சொல்லப்போனால், ஐந்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் மூன்றைச் சாப்பிட்டுவிட்டு இரண்டை மறப்பதுதான் மனித சுபாவம். இரண்டு மூன்றை ஒன்றாக்கினால் மறதி குறைகிறது, பல நேரம் செலவும் குறைகிறது. டைப் 2 சர்க்கரை என்பது ஒரே காரணத்தால் வருவதில்லை. உடம்பு இன்சுலினுக்கு மசிவதில்லை, கணையம் களைத்துப்போகிறது, கல்லீரல் கேட்காமலே குளுக்கோஸைக் கொட்டுகிறது. ஆகவே வெவ்வேறு இடத்தில் வேலை செய்யும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. என் மனக்குறை வேறு. தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்து, அளவு நிலைத்த பிறகு கூட்டாக மாற்றுவது ஒரு வழி. எடுத்த எடுப்பிலேயே மூன்று மருந்துக் கூட்டில் ஆரம்பிப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் வயிற்றுப்போக்கு வந்தாலும் மயக்கம் வந்தாலும் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

மெட்ஃபார்மினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது நல்ல பிள்ளை. ஐரோப்பாவில் பழைய காலத்திலேயே மருந்தாகப் பயன்பட்ட ஒரு செடியின் வழியில் வந்தது. 1922-லேயே டப்ளினில் தயாரித்துவிட்டார்கள். 1957-ல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அமெரிக்காவில் கடைக்கு வர 1995 ஆகிவிட்டது. ஆரம்பத்தில் வயிறு இரையும், பேதியாகும், வாயில் ஏதோ தகரம் கடித்ததுபோல ருசி இருக்கும். சாப்பாட்டோடு சேர்த்து, குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்லக் கூட்டினால் பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும். எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று போட்டிருந்தால் மெதுவாகக் கரையும் வகை. அதை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. மலத்தில் மாத்திரை முழுசாக வந்தது போலத் தெரிந்தால் பதற வேண்டாம், மருந்து உள்ளே இறங்கிய பிறகு வெறும் கூடுதான் வெளியே வருகிறது. இந்த ஒரு சந்தேகத்துக்காக மட்டும் எத்தனை பேர் கூச்சத்தோடு கவுண்டர் ஓரமாக வந்து குசுகுசுத்திருக்கிறார்கள்!

கவனமாக இருக்க வேண்டியது அடுத்த ஆளிடம். கிளிமிபிரைடு, கிளிகிளாசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் ஒரே குடும்பம், சல்ஃபோனைல்யூரியா. இந்தக் குடும்பம் கண்டுபிடிக்கப்பட்ட கதையே எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறது. 1942-ல், போர்க் காலம், பிரான்சின் மோன்பெலியே ஊரில் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் டைஃபாய்டுக்கு ஒரு புது சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து நோயாளிகளின் ரத்தச் சர்க்கரையை இறக்கிவிட்டது. அந்த விபரீதத்தைப் பிடித்துக்கொண்டு அதே ஊரில் லூபாத்தியே என்பவர் ஆராய்ந்ததில்தான் சர்க்கரை நோய்க்கு இந்த மாத்திரைக் குடும்பம் பிறந்தது. அந்தக் குணம் இன்றைக்கும் மாறவில்லை. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்றெல்லாம் பார்க்காது. தட்டச் சொன்னால் தட்டும்.

டாக்டர் சீட்டில் "சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதுவதற்கு, இலை போட்டாயிற்று, இட்லி வெந்துகொண்டிருக்கிறது, இப்போது போடு என்று அர்த்தம். காலையில் பல் துலக்கியதும் போட்டுவிட்டு நடைப்பயிற்சி, குளியல், பூஜை, பேப்பர் எல்லாம் முடித்துப் பத்து மணிக்கு டிபன் சாப்பிடுவது என்று அர்த்தமில்லை. அதிலும் அமாவாசை அன்று நம் வீடுகளில் நடப்பதைச் சொல்ல வேண்டும். காலையில் டிபன் கிடையாது, படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, அது வந்து எடுத்த பிறகுதான் சாப்பாடு, ஒரு மணி ஆகும். ஆனால் மாத்திரை மட்டும் வழக்கம்போல ஏழரைக்குப் போட்டாயிற்று, "மாத்திரையை விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே!" மாத்திரையை விடாத அந்தக் கட்டுப்பாடுதான் அன்றைக்கு வினையாகிறது. விரதம் இருப்பவர், நோன்பு இருப்பவர், மலைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் அந்த நாளுக்கு மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும். ரம்ஜான் நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே போய் மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டு வருகிற வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு, அவர்களைப் பார்த்துத்தான் அமாவாசைக்காரர்களுக்கும் சொல்ல ஆரம்பித்தேன்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் லோ சுகர். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, அகோரப் பசி, அப்புறம் பேச்சு தடுமாறும், ஆள் அடையாளம் தெரியாமல் கோபப்படுவார்கள். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டினலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் மறைந்துபோகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். குடித்திருந்தால் இன்னும் மோசம். மது கல்லீரலைக் கட்டிப்போடுவதால் சர்க்கரை மேலும் இறங்கும், வாயில் வாடை வருவதால் பக்கத்தில் இருப்பவர்கள் போதை என்று விட்டுவிடுவார்கள்.

என் பெரியம்மாவுக்கு ஒரு கல்யாண வீட்டில் இது நடந்தது. பந்திக்குக் கூப்பிடுகிறார்கள் என்று யாரோ சொன்னதும் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள், இரண்டாவதிலும் இடமில்லை. மூன்றாவது பந்திக்கு நிற்கும்போது முகமெல்லாம் வியர்த்து, என் தங்கையைப் பார்த்து "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டிருக்கிறார். கூட்டத்தின் புழுக்கம் என்று விசிறினார்கள். அப்புறம் ஒருவர் சுதாரித்து, சர்க்கரை தூக்கலாகப் போட்ட காபி கொண்டுவந்து கொடுத்தார். நல்ல யோசனைதான். ஆனால் பெரியம்மாவின் மாத்திரையில் மூன்றாவது ஆளாக வோக்லிபோஸ் இருந்தது.

இது நிறைய பேருக்குத் தெரியாத இடம், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். வோக்லிபோஸ், அகார்போஸ் இரண்டும் குடலில் மாவுச்சத்தும் சர்க்கரையும் உடைபடுவதைத் தாமதப்படுத்தும் மருந்துகள். நாம் காபிக்குப் போடும் வெள்ளைச் சர்க்கரை அப்படியே ரத்தத்துக்குள் போகாது, குடலில் இரண்டாக உடைந்தால்தான் போகும். உடைக்கும் வேலையைத்தான் இந்த மாத்திரை தடுத்து வைத்திருக்கிறது. ஆக, லோ சுகர் வந்த நேரத்தில் சர்க்கரையும் மிட்டாயும் பிஸ்கட்டும் கொடுத்தால் பலன் மெதுவாகத்தான் வரும், அவசரத்துக்கு உதவாது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். அது ஏற்கெனவே உடைந்த சரக்கு, நேராக உள்ளே போகும். எந்தக் கடையிலும் கிடைக்கும். மூன்று நான்கு தேக்கரண்டி, அதாவது 15 கிராம் அளவுக்குத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும், 108-ஐக் கூப்பிடுங்கள். பெரியம்மாவுக்கு அன்று மண்டபத்துக்கு எதிரில் இருந்த கடையில் குளுக்கோஸ் கிடைத்தது, பிழைத்தார்.

அதோடு முடிந்தது என்றும் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடக் கூடாது. கிளிமிபிரைடு நாள் முழுக்க வேலை செய்யும் மருந்து. ஒரு முறை ஏற்றிவிட்ட சர்க்கரை சில மணி நேரம் கழித்துத் தூக்கத்தில் மறுபடி இறங்கலாம், அதனால்தான் இந்தக் குடும்பத்து மாத்திரையால் மயக்கம் வந்தவரை ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது வைத்துப் பார்ப்பார்கள். கிளிபென்கிளமைடு இன்னும் பிடிவாதம், சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பில் அது வெளியேறாமல் தங்கும். வயதானவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்வது இதற்காகத்தான். எழுபத்தைந்து வயதில், தனியாக இருக்கும், சமைத்தால் சாப்பிடுவேன் இல்லாவிட்டால் பிஸ்கட் என்று இருக்கும் ஒருவருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7-க்குக் கீழே வந்தே தீர வேண்டும் என்று விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மருத்துவ வழிகாட்டுதல்களே அப்படிப்பட்டவர்களுக்கு 8 வரை தளர்த்திக் கொள்ளலாம் என்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இலக்கு எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கிளிப்டின் என்று முடியும் பெயர்கள், சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், லினாகிளிப்டின், இவை கொஞ்சம் சாது. சாப்பிட்டால் வேலை செய்யும், சாப்பிடாவிட்டால் சும்மா இருக்கும். தனியாக லோ சுகர் வரவழைப்பது அபூர்வம், கிளிமிபிரைடோடு சேர்ந்தால்தான் வம்பு. சிறுநீரகம் தளர்ந்தால் சிட்டாகிளிப்டினுக்கு அளவைக் குறைக்க வேண்டும், லினாகிளிப்டினுக்கு வேண்டாம். வில்டாகிளிப்டினுக்குக் கல்லீரல் பரிசோதனை பார்ப்பது நல்லது. தாங்க முடியாத வயிற்று வலி வந்து முதுகுக்கு ஓடினால் கணையமாக இருக்கலாம், உடனே போக வேண்டும். இவற்றில் பலவும், அடுத்துச் சொல்லப்போகும் ஃப்ளோசின் வகையும் ஒரு காலத்தில் பணக்காரர் மாத்திரை. வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019 கடைசியில் முடிந்தது, டபாகிளிஃப்ளோசினுக்கு 2020, சிட்டாகிளிப்டினுக்கு 2022, எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025. ஒவ்வொரு முறை முடியும்போதும் எங்கள் கடைப் படி ஏறிவந்த விற்பனைப் பிரதிநிதிகளின் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! விலை சரிந்தது நல்லதுதான். கூடவே இதையும் அதையும் எதையும் சேர்த்த கூட்டுகளும் குவிந்தன.

ஃப்ளோசின் என்று முடியும் வகை சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியே தள்ளுவது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிறது என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்த பிறகு மதிப்பு ஏறிவிட்டது, நியாயமான மதிப்பு. ஆனால் சிறுநீரில் சர்க்கரை போகப் போக அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று வரும், அரிப்பு, எரிச்சல். பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் உண்டு. இதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு நேராக மெடிக்கலுக்கு வருவார்கள், "அரிப்புக்கு ஒரு மாத்திரை குடுங்க." கேட்டதும் எடுத்துக் கொடுக்கப்படுவது ஃபுளுகோனசோல் 150. இந்த ஃபுளுகோனசோல் கல்லீரலில் கிளிமிபிரைடைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. கிளிமிபிரைடு வெளியேறாமல் தேங்குகிறது. சர்க்கரை இறங்குகிறது. பாருங்கள், கூட்டில் ஒரு மருந்து கொண்டுவந்த அரிப்புக்கு வாங்கிப் போட்ட மாத்திரை, கூட்டில் இருக்கும் இன்னொரு மருந்தை ஏற்றிவிட்டு ஆளைச் சாய்க்கிறது. டபாகிளிஃப்ளோசின், கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் மூன்றும் ஒரே மாத்திரையில் கிடைக்கும் காலம் இது. அரிப்புக்கு மாத்திரை கேட்கும்போது "எனக்குச் சர்க்கரை மாத்திரை ஓடுது, இதுதான் அட்டை" என்று காட்டினால் பூசும் மருந்தோடு முடிக்க முடியுமா என்று யோசிப்பார்கள். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்கூட கிளிகிளாசைடோடு ஆகாது. சில ஆன்டிபயாடிக்குகளும் சர்க்கரையை இறக்கிவிடும், ஸ்டீராய்டு நேர்மாறாக ஏற்றிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும், அட்டையோடு போங்கள்.

பயோகிளிட்டசோனைப் பற்றி இரண்டு வரி. கால் வீங்கும், எடை கூடும், இதயம் தளர்ந்தவர்களுக்கு ஆகாது, எலும்பையும் பலவீனப்படுத்தும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் 2013 ஜூனில் இந்தியாவில் நிறுத்திவைத்து, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தார்கள். 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளை மத்திய அரசு தடை செய்தபோது அந்தப் பட்டியலில் சர்க்கரைக் கூட்டுகளும் இருந்தன. மருந்து நல்லதாக இருந்தும் சேர்மானத்துக்கு நியாயம் இல்லாமல் போகலாம் என்பதற்கு அரசாங்கமே கொடுத்த சான்று அது.

இரட்டை மாத்திரைக்கு வருகிறேன், கவுண்டரில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் தனித்தனியாகக் கொடுப்பார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் வந்த பிறகு வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கிறார்கள், கிராமத்துப் பெரியவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். இதற்கிடையில் மகன் ஊரிலிருந்து வந்து, டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டுகிறான். அவர் கூட்டு மாத்திரை எழுதுகிறார். அரசு மாத்திரை பாட்டுக்கு ஓடுகிறது, தனியார் மாத்திரையும் ஓடுகிறது. "ரெண்டும் வேற வேற கலர் தம்பி!" ஆமாம், உள்ளே இருப்பது ஒன்றே. இப்படித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வரும்போதும் நடக்கும்: புதுச் சீட்டில் எழுதியதை வாங்குவார்கள், பழைய டப்பாவில் மிச்சமிருப்பதையும் வீணாக்க மனமில்லாமல் சாப்பிடுவார்கள். புது மாத்திரை வீட்டுக்குள் வந்தால், பழையதைத் தொடரவா நிறுத்தவா என்ற கேள்விக்கு டாக்டர் வாயால் பதில் வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள். மறந்துபோன வேளைக்கு ஈடாக அடுத்த வேளை இரண்டு போடுவதும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். போனது போகட்டும்.

கூட்டு மாத்திரையின் உண்மையான பலவீனம் உடம்பு சரியில்லாத நாளில் தெரியும். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. அந்த நேரத்தில் உடம்பில் நீர் வற்றுகிறது, சிறுநீரகம் திணறுகிறது. மெட்ஃபார்மின் தேங்கினால் அபூர்வமாக லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஃப்ளோசின் வகை நீரை இன்னும் வற்றவைக்கும், அதோடு ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சிரைப்பும் வரலாம். இதில் ஏமாற்று என்னவென்றால் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது, 180, 200 என்று காட்டும், "சுகர் நார்மலாத்தான் இருக்கு" என்று வீட்டிலேயே படுத்திருப்பார்கள். கிளிமிபிரைடு சாப்பிடாத வயிற்றில் தன் வேலையைக் காட்டும். தனித்தனி மாத்திரை என்றால் இன்னின்னதை மட்டும் நிறுத்து என்று டாக்டர் போனிலேயே சொல்லலாம். கூட்டு என்றால் ஒன்றை நிறுத்த எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், சர்க்கரை எகிறும், இடையில் இன்சுலின் தேவைப்படலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே, "வாந்தி பேதி வந்தால் எதை நிறுத்தணும், யாருக்குப் போன் பண்ணணும்" என்று கேட்டு அந்தச் சீட்டின் பின்னாலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

ஆபரேஷன் என்றால் ஃப்ளோசின் வகையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் நினைவுபடுத்துங்கள், ஏனென்றால் கூட்டு மாத்திரையின் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் உள்ளே ஃப்ளோசின் இருப்பது அறுவை சிகிச்சைக்காரர் கண்ணில் படாமல் போகலாம். அயோடின் சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேன், ஆஞ்சியோ போன்றவற்றுக்கும் சிறுநீரகம் சுமாராக உள்ளவர்கள் மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைச் சோதித்த பிறகுதான் தொடங்க வேண்டும். எல்லோருக்கும் அவசியமில்லை, கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறுநீரகம் என்று சொல்லும்போது, கிரியாட்டினின் 1.3 தானே, நார்மல் பக்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று வயதையும் சேர்த்துக் கணக்கிட்டுக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைக் கேளுங்கள், பல லேபில் கேட்டால்தான் போட்டுத் தருகிறார்கள். அது 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் அளவை மறுபரிசீலனை செய்ய வேண்டும், 30-க்குக் கீழே கூடவே கூடாது. வருடத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். "அதே மாத்திரைதான், அஞ்சு வருஷமா" என்ற பதிலைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான். மாத்திரை அதேதான், சிறுநீரகம் அதே இல்லை.

மெட்ஃபார்மின் பல வருடம் ஓடினால் பி12 குறையும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே அது குறைவு. கால் எரிச்சல், மதமதப்பு என்றதும் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்று முடிவு கட்டிவிடுவோம், அதில் ஒரு பங்கு பி12 குறைவாலும் வந்திருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துபோகும்.

ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி, பாகற்காய்ச் சாறு, வெந்தயம் எல்லாம் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. கிளிமிபிரைடு ஓடும்போது அவையும் சேர்ந்து இறக்கினால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் என் கவலை, டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். பெயரே இல்லாத டப்பாவில், "மூன்றே நாளில் சர்க்கரை பாதி" என்று விற்கப்படும் பொடியை மட்டும் தொடாதீர்கள். இப்படிப்பட்ட பொடிகளில் இதே அலோபதி மாத்திரையைக் கலந்து விற்றுப் பிடிபட்டது பல நாடுகளில் நடந்திருக்கிறது.

மாத்திரையை உடைப்பது இன்னொரு வம்பு. டாக்டர் பாதி மாத்திரை என்று சொல்லாமலே, சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று இரண்டாக ஒடித்துப் போடுவார்கள். இரட்டை நிற மாத்திரையில் ஒரு அடுக்கு உடனே கரைவது, இன்னொரு அடுக்கு மெதுவாகக் கரைய வேண்டிய மெட்ஃபார்மின். ஒடித்தால் அந்த மெதுவான அடுக்கின் கணக்குக் கெட்டுப்போகும், இரண்டு பாதியும் சமமாகவும் இருக்காது. அளவு குறைய வேண்டுமென்றால் குறைந்த அளவு மாத்திரையாகவே கேட்டு வாங்கலாம், அநேகமாக எல்லாக் கூட்டும் இரண்டு மூன்று அளவில் வருகிறது.

கடைசியாகக் கம்பெனி மாற்றம். எழுதிய மாத்திரை இல்லை, "அதே கன்டன்ட்தான் சார், வேற கம்பெனி" என்று கடையில் சொல்வார்கள். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினால் கம்பெனிப் பெயரே இல்லாமல் மருந்தின் பெயரோடு வரும், விலையும் பல மடங்கு குறைவு, தாராளமாக வாங்கலாம். எங்கே வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பின்பக்கமாகத் திருப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்துகளின் பெயர் அதே வரிசையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எதிரே இருக்கும் மில்லிகிராம் ஒன்றாக இருக்க வேண்டும், பழையதில் எஸ்.ஆர். இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். கண்ணாடி எடுத்து வரவில்லை என்றால் கடைப் பையனையே இரண்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது என்று அவன் அவசரப்படுத்துவான். நிற்கட்டும். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் வாங்க வந்திருப்பதும் இதே மாத்திரைதான்.